நார்ச்சத்து சாப்பிட முடியாதவங்களும் உங்க பேப்பர் படிக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல உடம்பைக் குறைக்கறது பத்தி அடிக்கடி கட்டுரை வருது, நானும் விடாம படிக்கிறேன். எல்லாத்துலயும் ஒரே வைத்தியம்தான். நார்ச்சத்து நிறைய சேருங்க, பச்சைக் காய்கறி சாலட் ஒரு கிண்ணம், சாயந்திரம் சுண்டல், அரிசிக்குப் பதிலா சிறுதானியம், சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி, வயிறு நிறைஞ்சிடும், பசிக்காது. நல்ல விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இதுல ஒண்ணைக்கூட இஷ்டத்துக்கு செய்யக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பின ஆளுங்களும் இருக்கோம், எங்களுக்கும் வெயிட் ஏறுது, எங்களுக்கும் பசிக்குது, எங்களுக்குன்னு ஒரு வரி கூட வந்ததில்ல.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடல் உள்பக்கம் வீங்கிப் புண்ணாகற நோய், இருந்துச்சு. பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரையில ஓட்டி, கடைசியில பெருங்குடலையே எடுத்துட்டாங்க, சிறுகுடல் முனையை வயித்து வழியா வெளிய கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை மாட்டியிருக்கு, இலியாஸ்டமின்னு சொல்வாங்க. பை வச்சவங்க எலும்பும் தோலுமாத்தான் இருப்பாங்கன்னு சொந்தக்காரங்க எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க, அது தப்பு. சாப்பாட்டுல இருக்கற சத்து பெரும்பாலும் சிறுகுடல்லயே உறிஞ்சிடும், பெருங்குடலுக்கு முக்கிய வேலை தண்ணியையும் உப்பையும் இழுக்கறது. அதனால பெருங்குடல் போனா தண்ணிதான் போகும், கலோரி பெருசா எங்கயும் போகாது. அதுக்கு மேல நோயும் நின்னுடுச்சு, வருஷக்கணக்கா செத்துக் கிடந்த நாக்குக்கு ருசி வந்துடுச்சு, வயிறும் பசியும் பழையபடி இருக்கு, அப்புறம் ஏறாம என்ன பண்ணும்? வயித்தைச் சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணவங்களுக்கு நாலு வாய் சாப்பிட்டா நிறைஞ்சிடும், எங்க கதை நேர் எதிர்.

வெயிட் ஏறினா ஏறட்டும்னு விடவும் முடியாது. தொப்பை போட்டா பை இருக்கற இடத்துக்குப் பக்கத்துல குடலிறக்கம் வர வாய்ப்பு கூடுது, வயித்துல மடிப்பு விழுந்தா பை சரியா ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். அதனால டாக்டரே குறைங்கன்னு சொல்றார். எப்படின்னு கேட்டா கையில ஒரு டயட் பேப்பர் குடுத்தாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், அதுல செலரி, மஷ்ரூம், பாப்கார்ன் தவிர்க்கவும்னு போட்டிருக்கு. எங்க வீட்ல செலரியை யாரும் கண்ணால பாத்தது கூட இல்ல. முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரைத்தண்டு, கொத்தவரங்கா, துருவின தேங்காய், வேர்க்கடலை, தோலோட கொண்டைக்கடலை, இதுல ஒண்ணும் அந்த லிஸ்ட்ல இல்ல. சிறுகுடல் வெளிய வர்ற இடம் குறுகல், செரிக்காத நாரும் சக்கையும் சேர்ந்து அங்க அடைச்சுக்கும், அடைச்சுதுன்னா வயித்து வலியில சுருண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தமிழ்நாட்டு சமையல்ல அடைக்கக்கூடியது எதுன்னு நாமளே யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

அப்போ மிச்சம் என்ன இருக்கு? பொன்னி அரிசி, இட்லி, ரவை, சேமியா, பிரெட், ஜவ்வரிசி. பைக்கு எல்லாமே சவுகரியம், போறதையும் கெட்டியாக்கும், ஆனா சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும், பசிச்சா இன்னும் ரெண்டு இட்லி, இப்படித்தான் ஏறுது. "கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பழமொழி சொல்லிட்டு கொள்ளு சுண்டலோட வர்றாங்க, தோலோட கொள்ளு எனக்கு ஆகாது, வடிகட்டின கொள்ளு ரசம் வேணா குடிக்கலாம், ஆனா ரசத்துல வயிறு நிறையுமா சொல்லுங்க. இப்போ பேஷனா இருக்கற பதினாறு மணி நேரப் பட்டினியும் எங்களுக்கு வம்பு, குடல் காலியா கிடந்தா காத்து சேர்ந்து பை பலூன் மாதிரி உப்பிடும், போறதும் தண்ணியா போகும்.

தண்ணி விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல ஆபத்து இருக்கு. பசியை அடக்க வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா எங்க உடம்புல அது சும்மா வெளிய போகாது, உப்பையும் இழுத்துட்டுப் போகும், உப்பு குறைஞ்சா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா இன்னும் தண்ணி, பை இன்னும் வேகமா நிறையும், கடைசியில தலைசுத்தி காலெல்லாம் கொரக்களி புடிச்சு விழுந்து கிடப்போம். பை ரொம்ப தண்ணியா நிறையற நாள்ல வெறும் தண்ணியைக் குறைச்சு ஓ.ஆர்.எஸ். குடிக்கச் சொல்றாங்க, சாதாரண நாள்ல உப்பு போட்ட மோரும் உப்பு போட்ட கஞ்சித்தண்ணியும் ஓடும். சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காம அரை மணி தள்ளிக் குடிச்சா உள்ள போனது கொஞ்ச நேரமாவது தங்குது. சுகர்ஃப்ரீ பிஸ்கட், மிட்டாய் வாங்கறவங்க அட்டையைத் திருப்பிப் பாருங்க, சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கற மால்டிடால், சார்பிடால்னு போட்டிருந்தா வச்சிடுங்க, நல்ல குடல் இருக்கறவங்களுக்கே அது பேதி குடுக்கும்.

நிறையறதுக்கு வழி இல்லாம இல்ல. 1995ல சிட்னி யூனிவர்சிட்டியில 38 சாப்பாட்டை ஒரே கலோரி அளவுக்குக் குடுத்து, அடுத்த ரெண்டு மணி நேரம் எது வயித்தை நிறைச்சு வைக்குதுன்னு பாத்தாங்க. கொஞ்சம் ஆளுங்கள வச்சுப் பண்ண ஆராய்ச்சிதான், அதனால வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம், ஆனா வெள்ளை பிரெட்டை 100ன்னு வச்சா அரிசிச் சோறு 138, முட்டை 150, மீன் 225, வேகவச்ச உருளைக்கிழங்கு 323! டயட்னு சொன்ன உடனே எல்லாரும் தூக்கி எறியற உருளைக்கிழங்கு முதல் இடம். நமக்கு அது தோல் உரிச்சு வேகவச்சு மசிச்சா பைக்கும் நல்லது, போறதையும் கெட்டியாக்கும். சிப்ஸும் பொரியலும் இந்தக் கணக்குல வராது.

நான் இப்போ தட்டுல சோத்தைக் குறைச்சு, ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் இருக்கற மாதிரி பாத்துக்கறேன். முட்டை, முள் எடுத்த மீன், பனீர், தயிரைத் துணியில கட்டித் தண்ணி இறக்கினது, தோல் நீக்கின பாசிப்பருப்பு குழைய வேகவச்சது. காய்னா தோல் சீவி விதை எடுத்த சுரைக்காய், பூசணி, சௌசௌ, கேரட், நல்லா வெந்திருக்கணும். இதுலயும் நார் இருக்கு, ஆனா அதுல ஒரு பங்கு தண்ணியில கரைஞ்சு கூழாகற வகை, அது அடைக்காது, சக்கையா நிக்கறதுதான் பிரச்சினை, ரெண்டையும் ஒரே நார்ச்சத்துன்னு எழுதினா படிக்கறவங்களுக்கு எப்படிப் புரியும்? மூணு வேளையை அஞ்சாப் பிரிச்சு, ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடிச்சு, கூழாகற வரைக்கும் மெல்றது. மெல்ல மெல்ல சாப்பிடற நேரமும் நீளுது, கம்மியா சாப்பிட்டாலே போதும்னு இருக்கு.

இன்னொண்ணு, இந்தக் கட்டுப்பாடு எல்லாம் சாகற வரைக்கும் இல்ல. ஆபரேஷன் ஆன முதல் ரெண்டு மாசம்தான் ரொம்ப கறார், அப்புறம் டாக்டரைக் கேட்டு ஒவ்வொண்ணா கொஞ்சமா சேர்த்துப் பாக்கலாம். அது தெரியாம பயந்துகிட்டே வருஷக்கணக்கா இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிட்டு ஊதிப்போனவங்களை ஓ.பி. வரிசையில பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

அதனால உங்ககிட்ட கேக்கறது ரெண்டே விஷயம். அடுத்த தடவை சாலட் கட்டுரை போடும்போது குடல் ஆபரேஷன் பண்ணவங்க டாக்டரைக் கேக்காம இதைச் செய்ய வேண்டாம்னு ஒரு வரி சேருங்க. அப்புறம் குடல் நோயாளிகளைப் பாக்கற டயட்டீஷியன் யாரையாவது கேட்டு, நம்ம ஊர் காய், நம்ம ஊர் மீன் வச்சு ஒரு முழுப் பக்கம் எழுத வையுங்க. உங்க சமையல் பக்கத்துல எந்தக் குறிப்பை எடுத்தாலும் அரை மூடி தேங்காய்லதான் ஆரம்பிக்குது, தேங்காய் இல்லாத கூட்டு நாலு வகை போட்டாலே எனக்கு ஒரு வாரம் ஓடிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி