மூன்றாம் மாடிக்கு ஒரு லிஃப்ட்: அக்டோபர் 31க்குள் 27,150 யூரோ தேவை

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு,

பாரீஸ் புறநகரில் மாதந்தோறும் நாம் தமிழ்த் திருப்பலிக்குக் கூடும் கன்னியர் மடத்தில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரம் லிஃப்ட் நின்றுபோனது. கதவில் பிரெஞ்சில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் யாரோ தமிழில் ‘பழுது’ என்று எழுதியிருக்கிறார்கள். தாளே இப்போது பழுப்பேறிவிட்டது. மூன்றாம் மாடியில் பதினான்கு மூத்த சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு மதருக்கு வயது 91. நம் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் 38 ஆண்டுகள் மருந்தகம் நடத்தியவர். போன ஞாயிறு நற்கருணை கொண்டுபோனவர்களிடம் ஜன்னலைக் காட்டி, “அந்த அத்திமரம் இந்த வருஷம் காய்த்ததா?” என்று தமிழில் கேட்டிருக்கிறார். இறங்கிப் போய்ப் பார்த்தோம். காய்த்து, பழுத்து, உதிர்ந்தும் கிடக்கிறது.

நாம் யாருக்காகக் கேட்கிறோம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1776இல் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் புதுச்சேரி மிஷனைப் பொறுப்பேற்றார்கள். 1827இல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் வந்து இறங்கினார்கள். நம் பாட்டிமார் எழுத்தும் பூவேலையும் படித்தது அந்த மடத்தில்தான். மூசே, துப்புய் என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தமிழ்–பிரெஞ்சு அகராதியே தொகுத்தார்கள். அதே துப்புய் சுவாமி 1844இல் புதுச்சேரியில் நம் பெண்களுக்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். நாந்த் நகரத்துப் பெண் ஒருவர் மதுரை மிஷனுக்கு வந்து, 1877இல் உதகமண்டலத்தில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபையை நிறுவினார். அது இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. உதகையில் பிறந்த சபை என்று சொல்லிக்கொள்வதில் நம் பெரியவர்களுக்கு இருக்கும் பெருமையில் குறை காண முடியுமா?

அப்படி அனுப்பிக்கொண்டே இருந்த நாட்டில் இப்போது அனுப்ப ஆள் இல்லை. 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டிக் குருக்கள் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். 2025இல் 90 பேர். கன்னியர் மடங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. குடும்பங்கள் சிறுத்தன, பெண்களுக்கு வேறு வழிகள் திறந்தன, கோவிலுக்குப் போகும் வழக்கமே விட்டுப்போனது. 2021 அக்டோபரில் சோவே விசாரணை ஆணைய அறிக்கை வெளிவந்தபோது, திருச்சபைக்குள் சிறுவர்களுக்கு நடந்த கொடுமைகளைப் படித்துத் தலைகுனிந்தோம். ‘இதற்குப் பிறகும் கொடுக்க வேண்டுமா?’ என்று சிலர் எங்களிடம் நேரில் கேட்டார்கள். கேட்டது நியாயம். இந்தப் பணம் முழுவதும் லிஃப்டுக்கும் நோயாளர் அறைகளுக்கும் ஜன்னல்களுக்கும்தான் போகும். ரசீதுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் குருவாகவும் கன்னியராகவும் வரச் சொல்லும் இறை அழைத்தல் அற்றுப்போய்விட்டது என்று சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். 2025 பாஸ்காத் திருவிழிப்பில் பிரான்சில் 10,384 வயதுவந்தோர் திருமுழுக்குப் பெற்றார்கள். எவ்ரோன் ஊரில் புனித மார்ட்டின் குழுமம் என்ற குருக்கள் அமைப்பின் குருமடத்தில் இளைஞர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் மடத்திலேயே இரண்டாம் மாடியில் நவகன்னியர், அதாவது கன்னியராகப் பயிற்சி பெறுபவர்கள், மூவர் உள்ளனர்: இருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஒருவர் வளர்ந்த பிறகு திருமுழுக்குப் பெற்ற பிரெஞ்சு நர்ஸ். படிக்கவும் செபிக்கவும் வந்த இந்த மூவரும் லிஃப்ட் நின்ற நாளிலிருந்து மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டுகளைச் சுமந்து படியேறுகிறார்கள். நான்காவதாக ஒரு பெண் சேர எழுதியிருக்கிறார். “இந்த நிலையில் அவளை எப்படி வரச்சொல்வது?” என்கிறார் தலைமைச் சகோதரி. மடத்தைத் தேடி ஓர் இளம்பெண் வருவதே அரிது. அவர் லிஃப்டுக்காகக் காத்திருக்கிறார் என்பதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

கணக்கு இதுதான். லிஃப்ட் 47,800 யூரோ. நோயாளர் குளியலறைகளும் அழைப்பு மணிகளும் 12,600. இரண்டாம் மாடி ஜன்னல்கள் 8,000. மொத்தம் 68,400. சகோதரிகள் தங்கள் சேமிப்பிலிருந்து 20,000 தருகிறார்கள். இதற்குமேல் அவர்களிடம் இல்லை. நாம் திரட்டியது 21,250. அக்டோபர் 31 வரைதான் ஒப்பந்தக்காரர் சொன்ன விலை செல்லும். அதன்பின் 6 விழுக்காடு கூடும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மாதா விண்ணேற்புத் திருநாளன்று காலை நான்கு மணிக்கே எழுந்து வடை சுட்டு விற்று 1,140 யூரோ சேர்த்த அம்மாமார்களுக்கு, பேரனின் புதுநன்மை விருந்தைச் சுருக்கிக்கொண்டு 500 யூரோ தந்த தாத்தாவுக்கு, வேலை போன மாதத்திலும் 20 யூரோவை உறையில் போட்டுப் பெயர் எழுதாமல் வைத்துப்போனவருக்கு (கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம், சொல்ல மாட்டோம்), பாரீஸ் லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் இந்து அன்பருக்கு, உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு, உங்கள் எல்லாருக்காகவும் மூன்றாம் மாடியில் ஒவ்வொரு மாலையும் செபமாலை சொல்லப்படுகிறது. அந்த மதர் கொடுத்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி விவிலியத்துக்குள் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பதிவேட்டில் 181 குடும்பங்கள். இதுவரை கொடுத்தவை 64. போன மாதத் திருப்பலிக்குக் கோவில் நிறைய ஆட்கள். காணிக்கைத் தட்டில் 212 யூரோ. மஞ்சள் நீராட்டு விழா மண்டபத்துக்கு நாம் கொடுக்கும் முன்பணம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே 21 ஆண்டுகளாக வாடகையில்லாமல் பூசைக்கு இடம் தந்தவர்கள் நம்மிடம் கைநீட்டியது இதுதான் முதல் தடவை.

181 குடும்பங்களுக்கும் தலா 150 யூரோ என்றால் கணக்கு நேராகிவிடும். வருமான வரி கட்டுபவர்களுக்கு அதில் 66 விழுக்காடு, அதாவது 99 யூரோ, வரியில் கழியும்; கையிலிருந்து போவது 51. ஏற்கெனவே கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்கக் கடமையில்லை; ஆனால் அவர்கள் பங்கும் யாரிடமிருந்தாவது வந்தால்தான் தொகை நிறையும். முடியாதவர்கள் வருந்த வேண்டாம், மூத்த சகோதரிகளோடு ஒரு மணி நேரம் வந்து பேசியிருங்கள். அவர்களுக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும்.

காசோலையை மடத்தின் பெயருக்கே எழுதுங்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் குழுவினர் மாடிப்படி அருகே மேசை போட்டு அமர்ந்திருப்போம். தேநீர் உண்டு. மதரைப் பார்க்க விரும்புவோர் இப்போதைக்குப் படியேறித்தான் போக வேண்டும்.

கிறிஸ்துவில் உங்கள்,
திருப்பணிக் குழுவினர்