பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரித் தொழிலின் செலவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகள் டீசல், டயர், சுங்கக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றை விரிவாகவே பேசுகின்றன. ஆனால், பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பையைச் சத்தமில்லாமல் காலி செய்கிற வயரிங் கோளாற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காலையில் செல்ஃப் எடுக்காத வண்டிக்கு முதலில் இரண்டு புதிய பேட்டரிகள், அதற்கும் சரியாகவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, பிறகு இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, கடைசியில் சேசிஸ் என்னும் இரும்புச் சட்டத்தில் துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்தான் (மின்சாரம் சேசிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) காரணம் என்று கண்டுபிடிப்பது எங்கள் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது என்ற ஒரே ஒரு பழக்கம் பட்டறைகளில் வந்துவிட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பது, வண்டியும் வைத்துக்கொண்டு வயரிங் வேலையும் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டிகளைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நண்பர் ஒருவரின் பத்துச் சக்கர வண்டியில் பிரேக்கை மிதித்தால் இடது பக்கப் பின் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. பிரேக் சுவிட்சையும், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரையும் மாற்றிவிட்டார்கள், அப்படியும் எரிந்தது. இந்த அறிகுறியைப் பார்த்த உடனேயே எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பல்பின் இழை வழியாக வந்த மின்சாரம் விளக்குப் பெட்டியிலிருந்து சேசிஸுக்குப் போக வழியில்லாதபோது, அதே பெட்டியில் இருக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, அதன் வயர் வழியாகப் பின்னோக்கி ஓடி, முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தைத் தேடிப் போய்ச் சேருகிறது. இரண்டு பல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியது போல் ஆகிவிடுவதால் வெளிச்சம் மங்கலாகிறது. விளக்குப் பெட்டியை மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது வாஷருக்கு அடியில் பெயின்ட் தடிமனாகப் படிந்திருந்தது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன் சேசிஸ் முழுவதற்கும் பெயின்ட் அடிப்பது நமது வழக்கம். அந்தப் பெயின்ட் எர்த் புள்ளிகளையும் மூடிவிடுகிறது. எஃப்.சி. முடிந்த சில வாரங்களில் விளக்குக் கோளாறுகள் வரிசையாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வயர் முனையில் புதிய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் தடவியதும் அந்தக் கோளாறு போய்விட்டது. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றும் வண்டிகளுக்கு இதுகூடப் போதாது. அவற்றில் வயரின் உறைக்குள்ளேயே செம்பு களிம்பேறிக் கறுத்திருக்கும் என்பதால், கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர்தான் இணைக்க வேண்டும்.

செல்ஃப் எடுக்காத கோளாற்றுக்கு வருகிறேன். பெரும்பாலான பட்டறைகளில் மீட்டரை வைத்து, கேபிளின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கேபிள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகச் சொற்பம். கேபிளுக்குள் நாலைந்து இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஒலி எழுப்பும். செல்ஃப் மோட்டாரோ பல நூறு ஆம்பியர் கேட்கிறது. ஆகவே, பளு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான பகுதியிலும் வைத்துக்கொண்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஒருவரைச் செல்ஃப் போடச் சொன்னால், அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் என்று காட்டினால் எர்த் கேபிளிலோ அதன் இணைப்பிலோதான் கோளாறு. பாசிட்டிவ் பக்கத்திலும் இதே போல் பேட்டரித் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் முனை வரை பார்க்கலாம். எந்தப் பொருளையும் கழற்றாமல், ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. சார்ஜ் ஏறவில்லை என்ற புகாருக்கும் இதே முறைதான்: வண்டி ஓடும்போது டைனமோ முனையில் 28 வோல்ட்டும் பேட்டரியில் 26 வோல்ட்டும் இருந்தால் டைனமோவைக் குறை சொல்வதில் நியாயமில்லை, இடையில் உள்ள வயரில் இரண்டு வோல்ட் தொலைகிறது.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தால், எதை உருவும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் தேட வேண்டும். எதை உருவினாலும் அணையவில்லை என்றால் டைனமோவின் வயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டையோடு கசிந்தால் அதுவும் இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சும். இரவு முழுக்க நின்ற வண்டியின் டைனமோ விடியற்காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். அரை ஆம்பியர் கசிவு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) வீதம், லோடு கிடைக்காமல் ஒரு வாரம் நின்றால் 84 ஆகிவிடும். நூறு ஆம்பியர் மணிப் பேட்டரியில் அதன்பின் என்ன மிஞ்சும்?

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேட்டரிகளைக் கொல்வது 12 வோல்ட் பாட்டுப்பெட்டி. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பாட்டுப்பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகிறார்கள். சார்ஜைக் கட்டுப்படுத்தும் டைனமோவின் ரெகுலேட்டருக்கு இரண்டு பேட்டரிகளின் மொத்த அளவு மட்டுமே தெரியும். மொத்தம் 28.4 வோல்ட் சரியாகக் காட்டும். தனித்தனியாக அளந்தால் வயர் இழுத்த பேட்டரியில் 13.2, மற்றதில் 15.2 இருக்கும். முதல் பேட்டரி ஒருநாளும் முழுச் சார்ஜ் ஏறாமல் சாகிறது, இரண்டாவது தண்ணீர் கொதித்துச் சாகிறது. கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொல்வார். அந்த வயர் அப்படியே இருப்பதால் புதியவையும் அதே வழியில் போகும். இதற்காகவே 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதன் விலை ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான்.

பியூஸ் போன இடத்தில் வயர் இழையைச் சுற்றி ஓட்டும் பழக்கத்தை நான் கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பியூஸ் போவது கோளாறு அல்ல, கோளாற்றின் சாட்சி. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினால், ஷார்ட் (உறை தேய்ந்த வயர் சேசிஸில் பட்டு மின்சாரம் நேராகப் பாய்வது) இருக்கும்வரை அது பளீரென்று எரியும். கட்டாகச் செல்லும் வயர்களை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் பல்பு அணைந்து எரிகிறதோ அங்கே உறை தேய்ந்திருக்கும். பெரும்பாலும் சேசிஸ் துளையில் ரப்பர் புஷ் விழுந்துபோன இடம், சைலன்சர் அருகில், அல்லது பாடியைப் பிடிக்கும் யூ-போல்ட்டின் அடியில் அது கிடைக்கும். பியூஸுக்குப் பதிலாக இழை சுற்றிய வண்டியில் இதே இடத்தில் வயர் பழுத்துப் புகையும். தார்ப்பாயும் மரப் பாடியும் இருக்கும் வண்டியில் அடுத்து என்ன ஆகும் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. சேசிஸோடு வரும் வயரிங்குக்கு நிறுவனத்தின் வரைபடம் உண்டு. கேபின் கட்டுபவரும் பாடி கட்டுபவரும் அதற்குப் பின் சேர்க்கும் விளக்குகளுக்கும் ஹார்னுக்கும் வரைபடம் என்று எதுவும் கிடையாது. கையில் இருந்த நிறத்து வயரை ஓட்டிவிடுகிறார்கள். வண்டி மூன்று கை மாறிய பிறகு எந்த வயர் எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. பாடி கட்டுபவர்கள் தாங்கள் சேர்த்த வயர்களை ஒரு தாளில் தமிழில் வரைந்து கேபினுக்குள் ஒட்டித் தர வேண்டும் என்று உரிமையாளர் சங்கங்கள் வலியுறுத்தலாம். எட்டு ஆண்டு கடந்த வணிக வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சோதனையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு, பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக இழுத்த வயர்கள் உண்டா என்றும் பார்க்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்கு, ஓடி ஓய்ந்த 24 வோல்ட் லாரி ஒன்றை நிறுத்தி, அதில் கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியும் வேண்டும். கழிவுக்குப் போகும் அரசு வண்டிகளிலிருந்தே அதற்கு ஒன்றை ஒதுக்க முடியும்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி.