இரண்டு தேதிகளுக்கு இடமுள்ள ஏடு

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது, நாலா பக்கமிருந்தும் வரும் வருமானத்தைக் குறித்து வைக்க எந்தச் செயலியை வாங்கலாம் என்று கேட்டாய். பேச்சு பேரனின் பல்வலிக்குத் திரும்பிவிட்டதால் நான் பதில் சொல்லவே இல்லை. சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவன் என்ற உரிமையில் இப்போது எழுதுகிறேன்.

துணைப்பாடப் பிள்ளைகளின் பெற்றோர் உனக்குப் பேநவ்வில் (கைப்பேசி வழியே வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் வசதி) அனுப்புகிறார்கள். திருமணப் படப்பிடிப்புக்கு முன்பணம் ஒரு நாளும் மீதி வேறொரு நாளும் வருகிறது. உள்ளூர் நிறுவனங்களின் மொழிபெயர்ப்புக்கு இன்வாய்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாய். வெளிநாட்டு இணையத்தளமோ அமெரிக்க டாலரில் தருகிறது. எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழுவதால், வங்கி அறிக்கையையே கணக்காக எண்ணிக்கொள்ளத் தோன்றும்.

அது போதாது. அந்த இணையத்தளம் 500 டாலர் வேலைக்கு 50 டாலரைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டால், வங்கியில் தெரிவது 450 டாலருக்கு ஈடான சிங்கப்பூர் வெள்ளி மட்டுமே. உன் வருமானம் 500, செலவு 50. இரண்டையும் தனித்தனியே, அன்றைய மாற்று விகிதத்தோடு எழுத வேண்டும். தேதியிலும் இதே சிக்கல் உண்டு. டிசம்பரில் முடித்துக் கொடுத்த வேலைக்குப் பிப்ரவரியில் பணம் வந்தாலும், வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பார்வையில் அது வேலை முடிந்த ஆண்டின் வருமானமே. ஆகவே, வேலை முடிந்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் தனித்தனியே இடம் தராத செயலி, எத்தனை வண்ண வட்டப் படங்களைக் காட்டினாலும், உனக்கு உதவாது. பணம் வந்த நாள் காலியாக இருக்கும் வரிசைகளே உன் நிலுவைப் பட்டியல். யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். (கேட்பதற்கு நீ கூச்சப்படுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.)

குவிக்புக்ஸ், ஜோஹோ புக்ஸ் போன்றவை நல்ல மென்பொருள்கள்தாம். ஆனால் அவற்றுக்கு மாதந்தோறும் கட்டும் பணத்தில் ஒரு பகுதி சரக்கிருப்பு, பொருள் சேவை வரி போன்ற வசதிகளுக்கே போகும். அந்த வரிக்குப் பதிவு செய்துகொள்ளும் கட்டாயமோ ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் வரும். ஆண்டு வருமானம் 200,000 வெள்ளிக்கு மேற்படாத சுயதொழில் செய்வோர், வரிப் படிவத்தில் மொத்த வருமானத்தையும் சரிசெய்யப்பட்ட லாபத்தையும் (அனுமதிக்கப்பட்ட செலவு போக மிஞ்சுவது) காட்டினால் போதும். எனவே முதல் ஆண்டுக்குக் கூகுள் ஷீட்ஸே போதுமென்பது என் கருத்து. இன்வாய்ஸ்கள் மாதத்திற்கு இருபதைத் தாண்டி, நீ எழுத மறக்கத் தொடங்கினால் அப்போது மென்பொருளைப் பார்க்கலாம்.

அப்படி வாங்கும்போது, கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பார். எங்கள் கடையில் ஏட்டை விட்டுவிட்டுக் கணினிக்கு மாறினோம். சில ஆண்டுகளில் அந்தக் கணினி பழுதாகிவிட, மென்பொருளைத் திறக்க வழியின்றிப் பழைய ரசீதுகளைக் கொட்டி மூன்று வாரம் திரும்ப எழுதினேன். பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. கடைகளில் தரும் வழவழத் தாள் ரசீது அதற்குள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வை.

இந்த வருமானத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றையும் திறந்துவிடு. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவுக்கும் கட்ட வேண்டியிருக்கும். வரும் தொகையில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவைத்தால், ஏப்ரல் 18-க்குள் படிவத்தை அனுப்பிய பிறகு வரும் கடிதங்களைக் கண்டு திகைக்க மாட்டாய்.

வரும் ஞாயிறு மூன்று மாத வங்கி அறிக்கையையும், அனுப்பிய இன்வாய்ஸ்களையும், அந்த இணையத்தளத்தின் கட்டண விவரத்தையும் எடுத்து வா. பிப்ரவரியிலிருந்து தொடங்குவோம்; ஜனவரிக்கு நீ சொன்ன தொகைகளை வைத்து முதல் பக்கத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா