அக்டோபர் 31-ஐ அப்படியே விட்டுவிடுங்கள்

ஹாலோவீனைச் சனிக்கிழமைக்கு மாற்றக் கேட்டுக் கையெழுத்துச் சேகரிக்கும் கொலம்பஸ் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நீங்கள் சுற்றுக்கு விட்ட படிவம் எனக்கும் வந்தது. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ட்ரிக் ஆர் ட்ரீட்டை இனி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமையில் வைக்கும்படி நம் ஊர் கவுன்சிலைக் கேட்கப் போகிறீர்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என் மகளோடு ஒரே பஸ்ஸில் போகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். நான் போடவில்லை. ஏன் என்று சொல்லாமல் இருந்தால் நாளைக்கு பஸ் நிறுத்தத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் இந்த மடல்.

உங்கள் கஷ்டம் எனக்கு நன்றாகவே தெரியும். ஐந்தே முக்காலுக்கு ஆபீசிலிருந்து ஓடி வந்து, பிள்ளைக்கு இரண்டு வாய் சாப்பாடு கொடுத்து, இறக்கையையோ வாலையோ மாட்டிவிட்டு, ஆறு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குத் திரும்பினால் சாக்லேட்டைத் தரையில் கொட்டி எண்ணுவது, வேர்க்கடலை இருப்பதைப் பொறுக்கி எடுப்பது, அழுகை, பல் தேய்ப்பது என்று படுக்கப் பத்தாகிவிடும். மறுநாள் காலை ஏழரைக்கு பஸ். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மாக்களின் பாடு இன்னும் மோசம். இரண்டு வருடம் என் மகளைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார், நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆகவே 'வேலை நாளில் வந்தால் என்ன, சமாளிக்க வேண்டியதுதானே' என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பண்டிகையைச் சனிக்கிழமைக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பது இந்த நாட்டில் மற்றவர்களைவிட நமக்குத்தானே நன்றாகத் தெரியும்?

நம் தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை ஒரு செவ்வாயோ புதனோ வந்து போகும். கொண்டாட்டம் இரண்டு மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூட ஆடிட்டோரியம் காலியாகக் கிடைக்கும் ஒரு சனிக்கிழமையில் நடக்கும். அதற்காக உழைக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் மூன்று வருடம் அந்தச் சாப்பாட்டு வரிசையில் கரண்டி பிடித்து நின்றிருக்கிறேன். அந்த நிகழ்ச்சி இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குத் தீபாவளியே இல்லை. இருந்தாலும் அங்கே நெருப்பு ஏற்றக் கூடாது, அதனால் பேட்டரி விளக்கு. எண்ணெய்க் குளியலும் விடியலும் கிடையாது. வாசலே கிடையாது என்பதால் வாசலுக்கு யாரும் வருவதும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கிய நம் ஆட்கள். என் மகள் ஆறு வயதில் காரில் பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "அம்மா, இன்னிக்குத்தான் தீபாவளியா, இல்ல அன்னிக்கு வந்ததா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு வழியில்லாமல்தான் நாம் அதைச் செய்கிறோம். இந்த நாட்டின் நாட்காட்டி நமக்காகப் போடப்பட்டதில்லை. ஆனால் வழி இருக்கிற ஒரு பண்டிகையை, ஊரே சேர்ந்து ஒரே மாலையில் கொண்டாடுகிற ஒன்றை, நாமே போய் அப்படி ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா?

2024-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஹாலோவீனும் அன்றைக்கே. காலையில் ஸ்கூலுக்கு முன்னால் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். மாலையில் வாசல் படியில் ஒரு பக்கம் மகள் செதுக்கிய பூசணிக்காய், இன்னொரு பக்கம் ஊரிலிருந்து என் அம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்த மண் அகல்கள். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். எட்டு வருடமாகக் கார் கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்ததைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், அகல்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். இது என்ன, எதற்கு, எண்ணெய் என்ன எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பிள்ளைகள் பையில் போடக் கூடாது என்பது இங்கே எல்லாரும் கடைப்பிடிக்கிற வழக்கம். அதனால் பேரனுக்குக் கடைச் சாக்லேட், பெரியவருக்கு ஒரு டப்பா முறுக்கு. அடுத்த வாரம் அந்த டப்பா ஆப்பிளோடு திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இது சனிக்கிழமை என்றால் நடந்திருக்காது. அன்று நான் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாலை ஆறு மணிக்கு நம் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பாட்டு வகுப்பு, பரதம், கிரிக்கெட், பிறந்தநாள், டெட்ராய்ட்டிலோ சின்சினாட்டியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீடு என்று நாம் ஆளுக்கொரு திசையில் போயிருப்போம். மற்றவர்களும் அப்படித்தான். ஒரு லட்சத்துக்கு மேல் பேர் உட்காரும் ஒஹாயோ ஸ்டேடியத்தில் பல்கலைக்கழக அணியான பக்கைஸின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் மணியடிக்கக் கூடாது என்பதுதான் ட்ரிக் ஆர் ட்ரீட்டின் ஒரே சட்டம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் எரிகிற விளக்கில் எத்தனை சனிக்கிழமை எரியும்? வேலை நாளின் தொந்தரவு என்று நாம் சொல்வதுதான் எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அக்டோபர் 31 யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி இல்லை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், ஹாலோவீன் என்ற பெயருக்கே அதன் முந்தைய மாலை என்றுதான் பொருள். மறுநாள் நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போகிற கல்லறைத் திருநாள். மூன்றும் ஒரே சங்கிலி. இங்கே முகமூடி மாட்டுகிற பலருக்கு அது நினைவில் இல்லை என்பது உண்மைதான். அதற்காகப் போகியைப் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

இந்தக் கோரிக்கை புதிதும் இல்லை. 2018-இல் ஹாலோவீன் அண்ட் காஸ்ட்யூம் அசோசியேஷன் என்ற உடை வியாபாரிகளின் சங்கம் இதே கடைசிச் சனிக்கிழமையைக் கேட்டு இணையத்தில் மனு போட்டது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2019-இல் ஸ்நிக்கர்ஸ் கம்பெனியும் சேர்ந்துகொண்டு, மத்திய அரசு மாற்றினால் பத்து லட்சம் சாக்லேட் இலவசம் என்றது. ஆனால் மத்திய அரசு மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை, ஹாலோவீன் அரசு விடுமுறையே கிடையாது. கடைசியில் அந்தச் சங்கமே கோரிக்கையைத் திருத்திக்கொண்டது: 31-ஆம் தேதி அங்கேயே இருக்கட்டும், சனிக்கிழமையில் கூடுதலாக ஒரு நாள் வையுங்கள் என்று. அவர்களே கைவிட்டதை நாம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

பண்டிகையை வியாபாரத்துக்கும் வசதிக்கும் நகர்த்திப் பார்த்த அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. 1939-இல் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் இழுத்தார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள்தான் அவரோடு போயின, மீதி பழைய நாளிலேயே கொண்டாடின. 1941-இல் இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நாலாவது வியாழன் என்று சட்டம் போட்ட பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. படைவீரர் நாளின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதல் உலகப் போரின் சண்டை நின்ற நவம்பர் 11-ஐ, நீண்ட வார இறுதி கிடைக்கட்டும் என்று 1968-இல் ஒரு சட்டம் போட்டு, 1971 முதல் அக்டோபர் மாதத் திங்கட்கிழமை ஒன்றுக்கு மாற்றினார்கள். மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, மாநிலம் மாநிலமாகப் பழைய தேதிக்குத் திரும்பின. 1978-இல் மத்திய அரசும் நவம்பர் 11-க்கே வந்துவிட்டது. மூன்று நாள் விடுமுறையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, பாதுகாப்பு. உங்கள் படிவத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான். ஹாலோவீன் மாலையில் குழந்தைகள் காரில் அடிபடுகிறார்கள் என்பது வெறும் பயம் இல்லை. 1975 முதல் 2016 வரை 42 வருடக் கணக்கை எடுத்து, ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் 2018-இல் வந்தது. நடந்து போகிறவர்கள் சாகும் அபாயம் அன்று 43 சதவீதம் அதிகம். நாலு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. ஆறு மணியை ஒட்டித்தான் மிக மோசம். என் மகளுக்கு எட்டு வயது. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் சனிக்கிழமை இரவு அதற்கு மருந்தா? குடித்துவிட்டு ஓட்டுவதால் வரும் சாவுகள் வார நாள்களைவிட வார இறுதியில்தான் அதிகம், அரசின் சாலைப் பாதுகாப்புக் கணக்கு வருடா வருடம் காட்டுவது அது. பெரியவர்களின் ஹாலோவீன் பார்ட்டிகளும் அந்த இரவில்தான். வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டுகிறவரைத் தவிர்க்கப் போய், பார்ட்டியிலிருந்து வண்டி எடுக்கிறவரின் எதிரே பிள்ளையை நிறுத்துவானேன்? இருட்டும் ஒன்றும் குறையாது. கொலம்பஸில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது சுமார் ஆறரைக்கு. கடைசிச் சனிக்கிழமையில் அது சில நிமிடம்தான் மாறும்.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் காணோம். ட்ரிக் ஆர் ட்ரீட் மாலையை இங்கே பெக்கர்ஸ் நைட் என்று சொல்கிறார்களே, அதற்கு மார்ப்சி எனப்படும் மத்திய ஒஹாயோ வட்டாரத் திட்ட ஆணையம் ஒரு முறை வகுத்தது: 31-ஆம் தேதி வெள்ளி, சனி, ஞாயிறில் விழுந்தால் அதற்கு முந்தைய வியாழனுக்குப் போய்விடும். 2025-இல் 31 வெள்ளி, நாம் 30-ஆம் தேதியே போனோம். அதாவது நீங்கள் எந்த நாளைக் கேட்கிறீர்களோ அந்த நாளைத்தான் ஊர்கள் அந்த முறைப்படி ஒதுக்கி வைத்தன. எனக்கு அந்த முறையும் பிடிக்காது. 2026-இல் 31 தானாகவே சனிக்கிழமையில் வருகிறது. வரட்டுமே! தானாக வருகிற சனிக்கிழமையை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். வியாழனுக்கும் தள்ள வேண்டாம், சனிக்கும் இழுக்க வேண்டாம். இறுதி முடிவு அந்தந்த ஊர் கவுன்சிலின் கையில்தான் இருக்கிறது, அதனால் நாம் கேட்டால் பலன் உண்டு.

அப்புறம், தீபாவளிக்கு நாம் என்ன கேட்டோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் இருக்கும் நம்மவர்கள் சனிக்கிழமை கேட்கவில்லை, அந்த நாளையே கேட்டார்கள். பல வருடம் விடாமல் கேட்டு, 2023-இல் சட்டமாகி, 2024-இல் நகரத்துப் பள்ளிகள் தீபாவளிக்கு மூடின (அங்கே அந்த வருடம் நவம்பர் 1-ஐத் தீபாவளியாக எடுத்துக்கொண்டார்கள்). கலிபோர்னியாவிலும் 2025-இல் சட்டம் வந்துவிட்டது. நமக்கு நம் தேதி வேண்டும் என்று கேட்கிற நாம், பக்கத்து வீட்டுக்காரரின் தேதியை வசதிக்கு நகர்த்து என்று எப்படிக் கேட்பது?

படிவத்தை இப்படி மாற்றுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பெக்கர்ஸ் நைட் எந்தக் கிழமையானாலும் அக்டோபர் 31. அந்த இரண்டு மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை, குடியிருப்புத் தெருக்களுக்குள் வெளி வண்டிகள் வராமல் தடுப்பு வைக்க வேண்டும். உள்ளே வருகிறவர்களும் ஆமை வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். வெளிச்சம் இல்லாத மூலைகளில் தற்காலிக விளக்கு. நவம்பர் 1 பள்ளி நாளானால் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கச் சொல்லிப் பள்ளி வாரியத்துக்குத் தனியாக ஒரு கடிதம். பனி விழுந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கிறார்களே, இதற்கும் வைக்கலாம். இருட்டில் ஒளிரும் பட்டையை நான் ஏற்கெனவே நாலு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.

ஷிஃப்டில் மாட்டிக்கொள்கிற பெற்றோர் தயங்காமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இந்த முறை லீவு சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளையை என் மகளோடு கூட்டிக்கொண்டு போய், எட்டு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். முதலில் அந்தப் பெரியவர் வீட்டுக்குத்தான் போவோம்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா,
கொலம்பஸ், ஒஹாயோ