வெல்ச் வேறு, வேல்ஸ் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்ததும் கோபம் வந்தது. அப்புறம், நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற நப்பாசையில் இன்னொரு முறை. இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறேன். மேற்கு வர்ஜீனியாவின் தெற்குக் கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி, நிலக்கரிச் சுரங்கப் பகுதி) காரை நிறுத்திக் காபி குடித்த உங்கள் கட்டுரையாளர், அந்த ஊர்க்காரர்கள் அரசாங்க உணவுக் கூப்பனை வாங்கி உட்கார்ந்து தின்றே பழகிவிட்டவர்கள் என்று ஒரு வரியில் தீர்த்துவிட்டார். ஒரு காபி நேரத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்றால், நான் அங்கே 19 வருஷம் இருந்தது வீண்தான்.

என் கணவர் டாக்டர். ஜே-1 விசாவில் போய்ப் பயிற்சி முடித்தவர்கள் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்கு. அந்த விலக்குக்காகத்தான் 1997-ல் அங்கே போனோம். பொய் சொல்வானேன், மூன்று வருஷம் எப்போது முடியும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். பருப்பு வாங்க சார்லட் போக வேண்டும், போகவே மூன்று மணி நேரம். நியூஜெர்சி உறவுக்காரர்கள் ஒரே ஒரு தடவை வந்தார்கள். அப்புறம் போனில்தான் பாசம்.

கணவரின் கிளினிக்கில் நான் சீட்டு எழுதினேன், கணக்குப் பார்த்தேன். வருகிற ஆண்களின் நெற்றியிலும் புறங்கையிலும் நீலமாய் ஒரு கோடு இருக்கும். பச்சை குத்தியிருக்கிறார்கள் என்று முதல் மாதம் நினைத்தேன். சுரங்கத்தில் கல் விழுந்து கீறிய இடத்தில் கரித்தூள் உள்ளே தங்கி, தோல் அப்படியே மூடிக்கொண்ட அடையாளம் அது. உட்கார்ந்து தின்பவர்கள் என்கிறாரே, உண்மைதான், நிறையப் பேர் உட்கார்ந்துதான் இருப்பார்கள். ராத்திரியிலும் நாற்காலியில்தான் தூங்குவார்கள். படுத்தால் மூச்சு வராது. கரித்தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய், பிளாக் லங் என்பார்கள். அதற்கு நஷ்டஈடு கேட்டு மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளிகள் 1969-ல் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து நின்ற பிறகுதான் சட்டமே வந்தது.

கூப்பன் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1960 தேர்தலில் கென்னடி அந்த மலைகளில் ஓட்டுக் கேட்டு அலைந்தார். ஜெயித்து வந்ததும் தொடங்கிய சோதனைத் திட்டத்தில், 1961 மே 29 அன்று நாட்டின் முதல் கூப்பனைக் கடையில் நீட்டியது மெக்டவல் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில்தான். வேலை இழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குடும்பம், மொத்தம் 15 பேர். 95 டாலருக்குக் கூப்பன் வாங்கினார்கள். அதில் முதலில் எடுத்தது பன்றி இறைச்சி போட்ட ஒரு டின் பீன்ஸ். வாங்கினார்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள். 1970-களின் கடைசி வரை கூப்பனுக்குக் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும். கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிக மதிப்புக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். இலவசச் சோறு என்று எழுதுவதற்கு முன் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

அதற்கும் முந்திய கூப்பன் ஒன்று உண்டு. கிளினிக்குக்கு வரும் ஒரு பெரியவர் என் உள்ளங்கையில் ஒரு பித்தளை வில்லையை வைத்தார். நடுவில் துளை, நம் ஓட்டைக் காலணா மாதிரி. அவருடைய அப்பாவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த சம்பளமாம். கம்பெனி கடையில் மட்டும்தான் செல்லும். வீடும் கம்பெனியுடையது. இன்றைக்கும் அந்தக் கவுண்டி நிலத்தில் பெரும்பகுதி வெளியூர்க் கம்பெனிகள் கையில்தான். சரி, யார் யாரை உட்கார்த்திவைத்துத் தின்றார்கள்?

1950-ல் அங்கே 98,887 பேர். 2020 கணக்கெடுப்பில் 19,111. இது சோம்பேறித்தனத்தால் குறைகிற எண்ணிக்கையா? சுரங்கத்துக்குள் இயந்திரம் வந்தது, ஆள் குறைந்தது. 1980-களில் எஃகுத் தொழில் படுத்ததும் கேரி என்ற ஊரில் யு.எஸ். ஸ்டீல் தன் சுரங்கங்களை மூடியது. 2016 ஜனவரியில் அதே கவுண்டியின் கிம்பல் என்ற ஊரில் இருந்த வால்மார்ட் கடையும் போயிற்று. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. 2013-ல் வந்த ஓர் ஆய்வு அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 என்றது. ஆறு மணி நேரக் கார் தூரத்தில், வாஷிங்டனை ஒட்டி இருக்கும் வசதியான ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 81.7. தங்கள் இதழில் மாதம் தவறாமல் வரும் அமெரிக்கா, அந்த ஃபேர்ஃபாக்ஸ் வகை அமெரிக்காதான். கோயில் கும்பாபிஷேகம், மென்பொருள், நீச்சல் குளம் வைத்த வீடு.

பார்க்க ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறார். கிம்பலில் 1928-ல் கட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது, முதல் உலகப் போருக்குப் போன கறுப்பினச் சிப்பாய்களின் நினைவாக. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பர்கள், இத்தாலி, ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று ஊரே கலந்து கிடந்த இடம் அது. கறுப்பு நிறச் சாலையைத் தவிர அவர் வேறெதையும் பார்க்கவில்லை போலிருக்கிறது. பீன்ஸை நூலில் கோத்து அடுப்புப் பக்கம் மாலை மாலையாகக் காயவிடுவார்கள். நான் கொத்தவரங்காய் வற்றலைக் காட்டியபோது பக்கத்து வீட்டம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஏப்ரலில் காட்டு வெங்காயம் பறித்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். சாம்பாருக்கு அதைவிட வாசனையான வெங்காயத்தை நான் கண்டதில்லை.

2001 ஜூலையில் வெள்ளம், பத்தே மாதத்தில் 2002 மே மாதம் மறுபடியும். எங்கள் வீட்டுக்குள் சேறு. அந்தம்மாள் தன் வீட்டுச் சேற்றை விட்டுவிட்டு முதலில் எங்கள் அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார். அதையெல்லாம் அப்போதே தங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். மூன்று வரி போட்டு, தலைப்பில் ஓர் ஆச்சரியக்குறியும் வைத்தீர்கள். இடப் பற்றாக்குறை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அதே பக்கத்தில் நகை விளம்பரம் பாதிக்கு இருந்தது.

நான் கேட்பது அதிகமில்லை. மூடிக்கிடக்கும் கடைத்தெருப் படத்துக்கு அடியில் 'வேல்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது வெல்ச். வேல்ஸ் கடல் கடந்து பிரிட்டனில் இருப்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் போதும், மூன்று வரி தாராளம். தீபாவளி இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் சந்தாப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ப. ரா.,
மன்னார்குடி