சுழியம் எழுதியவருக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இவ்வாண்டின் இலையுதிர்கால வேட்டைப் பறவை வலசைக் கணக்கெடுப்பு நேற்று மாலையோடு நிறைவுற்றது. தள்ளிப்போட்டால் சொல்ல வேண்டியது ஆறிப்போய்விடும் என்ற அச்சத்தில், குன்றிறங்கிய களைப்பு தீருமுன்னரே இம்மடலை எழுதுகிறேன். பருவத்தின் நடுவில் நமக்கு நேர்ந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விவரிக்க எனக்கு மனமில்லை. அந்த ஏழு நாட்களும் குழுவில் ஒருவர்கூடக் குன்றேற முடியவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

வேட்டைப் பறவைகளின் வலசையில் ஏழு நாள் சிறு இழப்பன்று. வெயிலில் நிலம் சூடேறி வெப்பக் காற்று எழத் தொடங்கியதும், பருந்துகள் அதில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகடிக்காமலே நெடுந்தொலைவு சறுக்கிச் செல்கின்றன. காற்று வாய்த்துவிட்டால் ஓர் இனத்தின் பெரும்பகுதி சில நாட்களுக்குள்ளேயே கடந்துபோய்விடுவதும் உண்டு. அந்நாட்களில் குன்றில் ஆளில்லையென்றால், வந்த பறவைகள் குறைவா, பார்த்த கண்கள் இல்லையா என்று பின்னால் எவராலும் சொல்ல இயலாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் என்ற குன்றில் 1934 இல் தொடங்கிய புகழ்பெற்ற கணக்கிலும் போர்க்காலமான 1943 முதல் 1945 வரையிலான இடைவெளி இன்றுவரை நிரப்ப முடியாததாகவே இருக்கிறது. எண்ணிய ஆண்டுகளோ பேசின: 1935–39 இல் நூற்றுக்கு 40 ஆக இருந்த வெண்தலைக் கழுகின் இளம்பறவைகள் 1955–59 இல் 20 ஆகச் சுருங்கியதை அந்த ஏடுகளே காட்டின, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் கேட்டை எடுத்துரைத்தபோது அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் அதைச் சான்றாக வைத்தார்.

எட்டாம் நாள் காலையில், நம்மிடம் ஏழு வெற்றுத்தாள்கள்தாம் இருக்கின்றன என்ற எண்ணத்தோடு நான் மேலேறியபோது, நாள்தோறும் அங்கே நடக்க வரும் மூதாட்டி ஒருவர் ஒரு குறிப்பேட்டை என் கையில் கொடுத்தார். சென்ற ஆண்டு அவர் என்னிடம் ஒருமுறை, எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். வட்டமிடும்போது எண்ணாமல், மேலே சென்று வரிசையாகப் பிரியும்போது எண்ண வேண்டும் என்றும், ஒன்றும் வராத மணிநேரத்துக்கும் சுழியம் எழுத வேண்டும் என்றும் நான் போகிறபோக்கில் சொன்னதை நானே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. ஏழு நாட்களுக்கும், ஒவ்வொரு மணிநேரத்துக்கும், மேகமும் புல் சாய்ந்த திசையும் எண்ணிக்கையும் அதில் இருந்தன. ஓரிடத்தில் 60 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "உறுதியாக எண்ணியது 52" என்று திருத்தியிருந்தார். பெயர் தெரியாத பறவைகளுக்குப் பெயர் சூட்டாமல் சிறகின் வடிவை மட்டும் வரைந்திருந்தார். நுனி வளைந்து முறிந்த கோடாகத் தெரிந்தது விரால் அடிப்பான் என்றும், சிறகை மேல்நோக்கி விரித்துப் பிடித்தது பூனைப் பருந்து என்றும் எங்களால் அறிய முடிந்தது. ஐயத்துக்குரியவற்றை இனம் அறியப்படாதவை என்றே சேர்த்திருக்கிறோம். பைனாகுலர் இன்றி எண்ணியதால் தொலைவிலும் உயரத்திலும் சென்றவை விடுபட்டிருக்கும். ஆகவே அந்த ஏழு நாட்களும் ஏட்டில் தனிக்குறியோடு நிற்கும். ஆனால் அவை வெற்றுத்தாள்கள் அல்ல. மழை பெய்த ஐந்தாம் நாளின் பக்கத்தில் காலைமுதல் மாலைவரை வரிசையாகச் சுழியங்கள் மட்டுமே இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. ஒன்றும் வராத வானத்தின் கீழ் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

உணவும் நீரும் சுமந்து வந்தவர்கள், தொலைநோக்கியைப் பழுதுபார்த்துத் தந்தவர்கள், வண்டி அனுப்பியவர்கள், பொருளுதவி செய்தவர்கள், இரவில் அழைத்து நலம் விசாரித்தவர்கள் ஆகிய அனைவருக்கும் குழுவின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. குன்றுக்கு வந்து கேள்வி கேட்கும் எவருக்கும் இனிப் போகிறபோக்கில் விடை சொல்ல மாட்டேன். அருகில் அமர்த்தி, எண்ணும் கருவியைக் கையில் கொடுத்துக் கற்றுத்தருவேன். ஒவ்வொரு நாளுக்கும் மாற்றாள் ஒருவரை முன்கூட்டியே குறித்துவைப்பேன்.

அம்மா, எழுதாத பக்கங்கள் மீதி இருக்கின்றன என்று குறிப்பேட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். படியெடுத்தாயிற்று, அடுத்த பருவத்தின் முதல் காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினருள் ஒருவர்