ஏறுவது எதில் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்கள் பயணப் பக்கத்தில் வெளிநாட்டுக் கடற்கரையும் கோட்டையும் வருகின்றன, ஆனால் அங்கே போய் இறங்கியவர் எதில் ஏறுவது என்பதை விட்டுவிடுகிறீர்கள். பனியன் ஆர்டர் விஷயமாக வெனிசுலாவின் புவேர்ட்டோ லா குரூஸ் போனபோது எனக்குக் கைகொடுத்தது 'போர் புவெஸ்டோ' என்கிற ஷேர் கார்தான். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரியே ஒரே வழித்தடத்தில் ஓடும், ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், இறங்குமிடம் வந்ததும் 'பராதா' என்றால் நிறுத்துவார்கள்.

டாலர் செல்லும். ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்த என் 5 டாலர் நோட்டை டிரைவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பக்கத்து சீட்டு அம்மாதான் எனக்கும் சேர்த்துக் கொடுத்தார், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. கிழியாத 1 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோவது நல்லது, சில்லறை கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், மார்கரிட்டா தீவுக்கு இந்த ஊரிலிருந்தும் கப்பல் போகிறது. இருட்டிவிட்டால் தெருவில் வண்டி தேடாமல் விடுதியில் சொல்லி டாக்சி வரவழைத்துக்கொள்ள வேண்டும். திருப்பூர், ஈரோட்டிலிருந்து தனியாகக் கிளம்புகிற பையன்களுக்காக இதையெல்லாம் போடுங்கள்.

வாசகர், பெருமாநல்லூர்